வாடகைக்கு ஒரு தீவு

'எல்லாமே ஐந்து நிமிட நடையில்!'

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் என்கிற பழைய நகரத்தில் எந்த ஓட்டல் விளம்பரத்தை எடுத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய இப்படி ஒரு வரி இருக்கும். கோட்டைக்குப் பக்கம். மசூதிக்குப் பக்கம். மாரியம்மன் கோயிலுக்குப் பக்கம். சீனக் கோயிலுக்கு அதைவிடப் பக்கம், ஜன்னலைத் திறந்தால் ஊதுவத்திப் புகை உள்ளே வரும்.

பொய்யில்லை. ஊர் அப்படித்தான் இருக்கிறது. 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் ஆரம்பித்து, சீனர்களின் கருணைத் தாய் கோயில், 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், 1801-ல் இடம் ஒதுக்கப்பட்ட கப்பித்தான் கெலிங் மசூதி என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் அரை மணி நேரத்தில் நான்கு மதங்களைக் கடந்துவிடலாம். வழியில் ஒரு டீயும் குடிக்கலாம்.

சரித்திரத்துக்குப் பக்கத்தில் தங்குவது இன்றைக்குப் பெரிய வியாபாரம். புதிய கட்டடத்தில் ஏ.சி. அறை கிடைத்தாலும், நூறு வருஷப் பழைய மரப்படி கிறீச்சிடும் வீட்டில் தங்குவதற்குக் கூடுதலாகக் காசு கொடுக்க ஆள் இருக்கிறது. தப்பில்லை. ஆனால் நமக்கு அந்த அறை கிடைப்பதற்கு முன்னால் அதே அறையில் யார் இருந்தார்கள்? என்ன வாடகை கொடுத்தார்கள்? ஏன் போனார்கள்? விளம்பரத்தில் அதெல்லாம் இருக்காது.

பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவன் புத்தி, ஓர் ஊரைப் பார்த்தால் முதலில் அதன் கணக்குப் புத்தகத்தைத்தான் தேடும். பினாங்கின் கணக்கைத் திறந்தால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே ஒரு தலைப்புதான். வாடகை.

ஏனென்றால் அந்தத் தீவே வாடகைக்கு வந்த தீவு.

பிரான்சிஸ் லைட் என்று ஓர் ஆங்கிலேய வியாபாரி. கடற்படையில் இருந்துவிட்டு வந்தவர். சென்னையிலிருந்த ஜோர்டன், சல்லிவன், டிசோசா என்ற வியாபார நிறுவனத்துக்காக இந்தப் பக்கத்துக் கடல்களில் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தார். மலாய் மொழி, சியாம் மொழி இரண்டும் சரளம். சுல்தான்களோடு உட்கார்ந்து பேசத் தெரிந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, சீனாவுக்குப் போகும் வழியில் ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. லைட்டுக்கு ஒரு பெரிய காரியம் செய்து பேர் வாங்க வேண்டியிருந்தது.

எதிர்க்கரையில் கெடா. நம்முடைய பழைய கடாரம்தான். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கப்பற்படை அனுப்பி வென்று, 'கடாரம் கொண்டான்' என்று பட்டம் போட்டுக்கொண்டானே, அதே இடம். அதன் சுல்தான் அப்துல்லா முகர்ரம் ஷாவுக்கு ஒரு பயம் இருந்தது. வடக்கே சியாம். எப்போது படையெடுத்து வருவான் என்று சொல்ல முடியாது. வந்தால் துணைக்கு யார்?

பினாங்கைத் தருகிறேன், ஆபத்து வந்தால் உங்கள் படை எனக்கு உதவ வேண்டும், இந்தத் தீவு போவதால் எனக்கு ஏற்படும் வருமான இழப்புக்கு வருஷத்துக்கு 30,000 ஸ்பானிய டாலர் தர வேண்டும். சுல்தான் கேட்டது இதுதான்.

லைட் தலையாட்டினார். கல்கத்தாவில் இருந்த கம்பெனி மேலிடம் ராணுவ உதவி பற்றி எந்த உறுதியும் தரவில்லை. அது லைட்டுக்குத் தெரியும். சுல்தானுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. 1786 ஆகஸ்ட் 11 அன்று கொடியை ஏற்றி, தீவுக்கு 'வேல்ஸ் இளவரசர் தீவு' என்று பெயர் வைத்தாகிவிட்டது. மறுநாள் இளவரசருக்குப் பிறந்த நாள்! ஊருக்கு அவரது அப்பா மூன்றாம் ஜார்ஜின் பெயர். வீட்டுக்காரரோடு ஒப்பந்தமே முடியவில்லை, குடித்தனக்காரர் கிரகப்பிரவேசம் நடத்திவிட்டார்.

சுல்தான் பொறுத்துப் பார்த்தார். நான்கு வருஷம் ஆனது. படையும் வரவில்லை, பணமும் ஒழுங்காகப் பேசி முடியவில்லை. தீவைத் திரும்பப் பிடிக்க எதிர்க்கரையில் பிறை என்ற இடத்தில் படகுகளையும் ஆட்களையும் திரட்டினார். 1791 ஏப்ரலில் லைட் முந்திக்கொண்டார். கம்பெனிப் படை போய்த் தாக்கியது. சுல்தான் தோற்றார். மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு 6,000 டாலர் என்று முடிந்தது. கேட்டதில் ஐந்தில் ஒரு பங்கு. ராணுவ உதவி? அந்தப் பேச்சே கிடையாது. 1800-ல் எதிர்க்கரையிலும் ஒரு துண்டு நிலம் கம்பெனிக்குப் போனது. தொகை 10,000 டாலர் ஆனது.

இதன் அடுத்த அத்தியாயம் எந்தக் கதாசிரியருக்கும் தோன்றாது. 1821-ல் சுல்தான் பயந்தது நடந்தேவிட்டது. சியாம் படை கெடாவுக்குள் புகுந்தது. அப்போது ஆட்சியில் இருந்தவர் அப்துல்லாவின் மகன் அகமது தாஜுதீன். அவர் தப்பி ஓடி வந்து அடைக்கலம் புகுந்த இடம் எது தெரியுமா? பினாங்கு. தன் அப்பா வாடகைக்கு விட்ட தீவில், குடித்தனக்காரர் தயவில், வீட்டுக்காரர் வருஷக்கணக்கில் ஒண்டியிருந்தார். நாட்டை மீட்டுக் கொடுங்கள் என்று எழுதி எழுதிப் பார்த்தார். கம்பெனியோ 1826-ல் சியாமோடு உடன்படிக்கை செய்துகொண்டது, கெடா சியாமிடமே இருக்கட்டும் என்று. தாஜுதீனுக்கு அரியணை திரும்பக் கிடைத்தது 1842-ல். அதுவும் சியாம் மனசு வைத்ததால்.

அந்த வாடகை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. சுதந்திர மலேசியாவிலும் கெடாவுக்கு வருஷா வருஷம் 10,000 ரிங்கிட் கொடுக்கும் வழக்கம் தொடர்ந்தது. 2018-ல் மலேசிய மத்திய அரசு அதை ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்த்தியது. பினாங்கு எங்களுக்குச் சொந்தம் என்று கெடாவின் அரசியல் மேடைகளில் 2020-களிலும் குரல் கேட்டது. இருநூற்று முப்பது வருஷத்துக்கு மேல் பழைய வாடகைத் தகராறு. நம் ஊர் வக்கீல்கள் கேட்டால் ஏங்கிப் போவார்கள்.

சரி, ஊருக்குள் வருவோம்.

வெறும் காட்டில் ஊரை எழுப்ப ஆள் வேண்டும். லைட் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை அடைத்துக் காட்டுக்குள் சுட்டார், காசைத் தேடிப் போனவர்கள் காட்டை வெட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. அது கதையாகவே இருக்கட்டும். நிஜத்தில் அவர் செய்தது அதைவிட சாமர்த்தியம். துறைமுகத்துக்குச் சுங்கம் கிடையாது என்றார். யார் எவ்வளவு நிலத்தைத் திருத்துகிறார்களோ அது அவர்களுக்கு என்றார். அவ்வளவுதான். கப்பல்கள் வந்து குவிந்தன. சீனர்கள், சுமத்ராவின் ஆச்சே வியாபாரிகள், அரபியர்கள், ஆர்மீனியர்கள், பர்மியர்கள், அப்புறம் நம்மவர்கள்.

சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களை அங்கே 'சூலியா' என்றார்கள். நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை ஆட்கள். லைட் உயிரோடு இருந்தபோதே, கடற்கரையிலிருந்து வருஷந்தோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கப்பலில் வந்து, சம்பாதித்து, திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். கடை வைத்தார்கள், படகு ஓட்டினார்கள், மூட்டை தூக்கினார்கள். சூலியா தெரு என்று அவர்கள் பெயரிலேயே ஒரு தெரு உண்டு. அங்கே நாகூர் ஆண்டவர் நினைவாக ஒரு சின்ன தர்கா. கடல் கடந்தவன் முதலில் தன் ஊர் சாமிக்கு ஓர் இடம் பார்க்கிறான். தனக்கு அப்புறம்தான்.

அந்தச் சமூகத்தின் தலைவராகக் கம்பெனி அங்கீகரித்தவர் காதர் முகைதீன். 'கப்பித்தான் கெலிங்' என்பது அவரது பதவிப் பெயர். தென்னிந்தியர்களைக் 'கெலிங்' என்று அழைத்த காலம். கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்பார்கள். இப்போது யாரையாவது அப்படிக் கூப்பிட்டால் சண்டை வரும். 1801-ல் மசூதிக்காகக் கம்பெனி 18 ஏக்கர் கொடுத்தது. மசூதியைச் சுற்றி வக்ஃபு நிலத்தில் வீடுகள், கடைகள், கபர்ஸ்தான் என்று ஒரு குட்டித் தமிழ் முஸ்லிம் கிராமமே இருந்தது. 1905-ல் காலனி அரசாங்கம் ஒரு சட்டம் போட்டு இந்தச் சொத்துகளைத் தன் வாரியத்தின்கீழ் கொண்டுவந்தது. ஊரை ஒழுங்குபடுத்துகிறோம் என்று தெருக்கள் வெட்டினார்கள். கிராமம் கரைந்தது. மசூதி மட்டும் அழகாக, புல்வெளிக்கு நடுவே, படமெடுக்க வசதியாக நின்றுவிட்டது.

பக்கத்துப் பினாங்குத் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள். ஒரே நீளக் கூடம். அதில் ஒவ்வொரு வட்டிக்கடை மார்க்காவுக்கும் கொஞ்சம் இடம், ஒரு சாய்வுமேஜை, ஒரு பெட்டி. பகலில் அங்கே உட்கார்ந்து லேவாதேவி. ராத்திரி அங்கேயே பாய் விரித்துத் தூக்கம். சம்சாரம் ஊரில். ஏஜென்டுக்கு மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் கப்பல் ஏறலாம். ரப்பர் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் ஓடியதில் இந்தப் பாய்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கடலைப் பார்த்தபடி ஈஸ்டர்ன் அண்ட் ஓரியன்டல் ஓட்டல். ஈரானின் இஸ்பஹான் பகுதியிலிருந்து வந்த சார்க்கீஸ் என்ற ஆர்மீனியச் சகோதரர்கள் 1880-களில் ஆரம்பித்தது. 1887-ல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் ஓட்டலைத் தொடங்கியதும், 1901-ல் ரங்கூனில் ஸ்ட்ராண்ட் ஓட்டலைத் திறந்ததும் இவர்களே. கிப்ளிங், சாமர்செட் மாம் எல்லாம் தங்கிய இடம். பினாங்கு ஓட்டலைப் பார்த்துக்கொண்ட அர்ஷாக் சார்க்கீஸ் தாராள மனசுக்காரர். விருந்தாளிகள் பில் கட்டாமல் போனாலும் பெரிதாகக் கேட்க மாட்டாராம். கேட்க ரொம்ப நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்குப் புத்தகம் மன்னிக்காது. உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, 1931-ல் அர்ஷாக் இறந்த அதே வருஷம் கம்பெனி திவாலானது.

இதே கடற்கரையில் இன்னொரு காட்சி. 1941 டிசம்பர் 11. ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மீது பறந்து வந்தன. ஜனங்கள் தெருவுக்கு வந்து அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். குண்டு விழும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தெருக்களில் பிணங்கள். அடுத்த சில நாள்களில் வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளும் கப்பலேற்றப்பட்டார்கள். டிசம்பர் 16, 17 வாக்கில் மற்ற வெள்ளைக்காரர்களும் பட்டாளமும் சத்தமில்லாமல் கிளம்பிவிட்டார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் யாருக்கும் சேதி இல்லை. விடிந்து பார்த்தால் ஊரில் அரசாங்கம் இல்லை. கார்ன்வாலிஸ் கோட்டையில் யூனியன் ஜாக் மட்டும் பறந்துகொண்டிருக்கிறது.

அது பறக்கிறவரை குண்டு விழும். இதைப் புரிந்துகொண்டவர் ஒரு பத்திரிகையாளர். 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' ஆசிரியர் சரவணமுத்து, இலங்கைத் தமிழர். கோட்டைக்குப் போய்க் கொடியை இறக்கினார். ஊரின் எல்லா சமூகத்தாரையும் சேர்த்து ஒரு குழு அமைத்தார். இங்கே படை எதுவும் இல்லை, குண்டு போடாதீர்கள் என்று வானொலியில் ஜப்பானியர்களுக்கு அறிவித்தார். 19-ம் தேதி ஜப்பானியப் படை உள்ளே வந்தது. நூற்று ஐம்பது வருஷம் ஊரை ஆண்டவர்கள் போய்விட்டார்கள். போக இடமில்லாதவர்கள் தங்கினார்கள். ஊரைக் காப்பாற்றியது அவர்கள்தான்.

போர் முடிந்தது. வீட்டுக்குக் கடும் பஞ்சம். வாடகை எகிறாமல் இருக்க அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது. 1966-ல் அது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாக உறுதிப்பட்டது. 1948 பிப்ரவரிக்கு முன்னால் கட்டிய கட்டடம் என்றால் வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, குடியிருப்பவரை நினைத்தபோது காலி செய்யச் சொல்லவும் முடியாது. ஜார்ஜ் டவுனில் கட்டடங்களில் பெரும்பாலானவை அந்தக் காலத்தவைதாம்.

என்ன ஆகும்? கையில் வருகிற வாடகை கூரை ஓட்டுக்குக்கூடக் காணாது என்றால் எந்த உரிமையாளர் ரிப்பேர் செய்வார்? செய்யவில்லை. சுவரில் ஆலஞ்செடி முளைத்தது. முதல் குடித்தனக்காரர் அறை அறையாகத் தடுத்து உள்வாடகைக்கு விட்டார். ஒரே வீட்டில் ஏழெட்டுக் குடும்பம். உரிமையாளர்கள் எல்லோரும் பணக்காரர்களும் இல்லை. ஒரே ஒரு கடைவீட்டை நம்பிய விதவைகளும் உண்டு. அவர்கள் வயிறெரிந்தது நியாயம்.

ஆனால் ஒரு விசித்திரம் நடந்தது. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் பழைய தெருக்களை இடித்து மாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், ஜார்ஜ் டவுனை அவ்வளவு எளிதாக இடிக்க முடியவில்லை. காலி செய்தால்தானே இடிப்பதற்கு! கீழே கடை, மேலே வீடு, முன்னால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க 'அஞ்சடி' நடைபாதை. ஆயிரக்கணக்கான அந்தக் கடைவீடுகள் அப்படியே நின்றன. பெட்டிக்கடைக்காரர், தொப்பி தைப்பவர், பிரம்பு முடைபவர், ஊதுவத்தி உருட்டுபவர், மாவு அரைப்பவர் என்று உள்ளே ஆட்களும் அப்படியே இருந்தார்கள். நாம் இன்றைக்கு ஐந்து நிமிட நடையில் பார்க்கிற அழகைக் காப்பாற்றிக் கொடுத்தது குறைந்த வாடகை.

1997-ல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் அவகாசம். 2000 ஜனவரி 1-ம் தேதி, உலகமே புத்தாயிரம் என்று வாணவேடிக்கை விட்டுக்கொண்டிருந்தபோது, ஜார்ஜ் டவுன் குடித்தனக்காரர்களுக்குப் பாதுகாப்பு முடிந்துபோனது. வாடகை பல மடங்கு ஏறியது. தாத்தா காலத்திலிருந்து இருந்தவர்கள் பெட்டியைக் கட்டினார்கள். கிழவர் கிழவிகள் நகர எல்லையில் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். அங்கே கோயிலும் இல்லை, கூட உட்கார்ந்து பேச ஆளும் இல்லை.

காலியான வீடுகளுக்குப் புதிய குடித்தனக்காரர்கள் வந்தார்கள். யார் என்கிறீர்கள்? உழவாரக் குருவிகள். அவற்றின் கூட்டைச் சீனர்கள் சூப் வைத்துக் குடிப்பார்கள், விலை எக்கச்சக்கம். ஜன்னல்களை அடைத்து, குருவி சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டுக் கூப்பிட்டால் அவையே வந்து கூடு கட்டும். மனிதர்களை அனுப்பிவிட்டுப் பறவைகளை வைத்தார்கள். குருவி வாடகைக் கோர்ட்டுக்குப் போகாது பாருங்கள்.

2008 ஜூலை 7-ம் தேதி யுனெஸ்கோ, ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் அறிவித்தது. ஊரே கொண்டாடியது. குருவிகளுக்கு 2013-க்குள் கெடு வைத்தார்கள். 2012-ல் லித்துவேனியா ஓவியர் ஒருவர் ஆர்மீனியன் தெருச் சுவரில் நிஜ சைக்கிளோடு சேர்த்து இரண்டு குழந்தைகளை வரைந்தார். அந்தச் சைக்கிளோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. கடைவீடுகள் ஒவ்வொன்றாக ஓட்டலாகவும் காபிக் கடையாகவும் ஆயின. பாரம்பரியப் பகுதியில் 2009-ல் சுமார் 10,000 பேர் குடியிருந்தார்கள். 2013-ல் எண்ணியபோது சுமார் 9,400. பல்லாயிரம் பேர் நெருக்கியடித்துக்கொண்டிருந்த ஊர் அது.

எல்லாவற்றையும் சோகமாகவே சொல்லக்கூடாது. லீத் தெருவில் நீல மாளிகை என்று ஒன்று இருக்கிறது. அவுரி நீலத்தைச் சுண்ணாம்போடு கலந்து அடித்த சுவர். சியோங் ஃபாட் சே என்ற சீனக் கோடீஸ்வரர் கட்டியது. 1916-ல் இறந்த அவர், கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை விற்கக்கூடாது என்று உயில் எழுதியிருந்தார். கடைசி மகன் இறந்தது 1989-ல். அதற்குள் மாளிகை சிதிலமாகி உள்ளே 34 குடும்பங்கள் ஒண்டியிருந்தன. 1990-ல் பினாங்கைச் சேர்ந்த சிலர் சேர்ந்து அதை வாங்கி, வருஷக்கணக்கில் பழைய முறையிலேயே செப்பனிட்டார்கள். 2000-ல் யுனெஸ்கோ விருது. இப்போது அது ஓட்டல். அவர்கள் வாங்கியிராவிட்டால் அங்கே ஏதாவது அடுக்குமாடி நிற்கும். ஓட்டலாக ஆனதால்தான் மாளிகை பிழைத்தது. அதையும் கணக்கில் வரவு வைக்க வேண்டும். அந்த 34 குடும்பங்களைச் செலவில் எழுத வேண்டும். இரண்டையும் எழுதாமல் கணக்கை முடிக்க முடியாது.

துறைமுகத்தை ஒட்டிச் சீனக் குலத்தார் கடலுக்குமேல் கழி நட்டுப் பலகை வீடு கட்டி வாழும் படகுத்துறைகள் இருக்கின்றன. தரையில் இல்லாததால் நிலவரி கிடையாது என்பது அந்தக் காலக் கணக்கு. அதில் இரண்டு துறைகளை 2006-ல் அடுக்குமாடிக்காக இடித்தார்கள். பட்டியலில் பெயர் வர இரண்டே வருஷம் இருந்தது. மிச்சமிருப்பவற்றின் வாசல்களில் சில வீட்டார், உள்ளே படம் எடுக்காதீர்கள் என்று எழுதி வைத்திருப்பார்கள். நாம் பார்க்க வந்த சரித்திரத்தில் யாரோ சோறு பொங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம்.

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள். கோட்டைக்குப் பக்கத்திலேயே தங்குங்கள். காலையில் தூக்குக் காவடியிலிருந்து கடைக்கு மாறிய நாசி கண்டார் சாப்பிடுங்கள், குழம்பில் நம்ம ஊர் வாசனை இருக்கும். மாரியம்மன் கோயில் தெருவில் நடந்தால் பூக்கடையில் தமிழ் கேட்கும்.

அறைக்குத் திரும்பும்போது ஒரு நிமிஷம் அஞ்சடியில் நின்று, ஓட்டல் பெயர்ப்பலகைக்கு மேலே சுவரைப் பாருங்கள். பல கட்டடங்களில் பழைய கடையின் பெயர் சுண்ணாம்பில் புடைத்து எழுதியிருக்கும். பெரும்பாலும் சீன எழுத்து. புதுப்பிக்கும்போது அதையும் அழகாக வர்ணம் பூசி வைத்திருப்பார்கள், அழிக்கக்கூடாது என்பது விதி.

என்ன எழுதியிருக்கிறது என்று வரவேற்பறையில் கேட்டுப் பாருங்கள். அந்தக் கடைக்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்றும் கேளுங்கள். அவருக்கு அங்கிருந்து கோட்டை எத்தனை நிமிட நடை என்று நமக்குத் தெரிய வேண்டாமா?